சிறு வீட்டுக்குச் சிறு விரியலாக்கி

வீட்டில் இசை கேட்டற்பொருட்டு அம்பிளிபயர் என வழங்கும் ஸ்டீரியோ விரியலாக்கி வாங்கச் செல்வோர் கடையில் முதற்கண் வினவுவது, "இஃது எத்தனை உவாற்று?" என்பதே. எண் பெரிதாயின் இன்பமும் பெரிதாம் எனக் கருதுதல் நம்மவரிடை வேரூன்றிய மயக்கம். அம்மயக்கத்திற்கு யானும் ஒருகாற் பொருள் கொடுத்தவனே.

பெட்டியின்மீது "1000 உவாற்று" எனப் பொறித்த கருவியொன்றை வாங்கினேன். வீட்டில் அதன் பின்புறத் தகட்டைப் பார்த்தபோது, அது மின்னிணைப்பிலிருந்து பெறுவதே 60 உவாற்று எனக் கண்டேன். பெறாததைத் தொடர்ந்து கொடுத்தல் எக்கருவிக்கும் இயலாது.

உவாற்று இருமடங்காயின் ஒலிமட்டம் 3 தெசிபெல்லே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றுதற்கு ஏறத்தாழ 10 மடங்கு வலு வேண்டும். 1 உவாற்றுக்கு 1 மீற்றர் தொலைவில் 87 தெசிபெல் தரும் ஒலிபெருக்கியொன்று, சிறிய அறையில் அமைதியாகக் கேட்பார்க்கு 1 உவாற்றினுங் குறைந்த வலுவிலேயே பெரும்பாலும் இயங்கும். மிருதங்கத்தின் திடீர் முழக்கிற்கு இடம் வைத்தாலும் பக்கத்துக்கு 20 அல்லது 30 உவாற்று அமையும். 1978இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 பக்கத்துக்கு 20 உவாற்றே உடையது. ஆயினும் இசையன்பர் பலர் அதனைப் போற்றினர். இக்காலத்து 'டி' வகுப்புக் கருவிகளோ மின்வலுவை வெப்பமாக வீணாக்குதல் குறைவாதலால், கையகராதி அளவினவாய் அமைகின்றன.

ஆதலின் ஆராயவேண்டுவன வேறு. இரு பக்கமும் ஒருங்கே இயங்குகையில் 8 ஓமில் தொடர்ந்து கிடைக்கும் வலு எவ்வளவு? நம் ஒலிபெருக்கியின் ஓம் அளவு அதற்கு ஒவ்வுமா? இசைத்தட்டு வைத்திருப்போர்க்கு அதற்குரிய இணைப்பு உண்டா? இவற்றை அறிந்தபின் செவியால் தேர்க. கடைக்காரர் உரக்க ஒலிப்பிப்பர். நாம் குமிழைத் தணித்துக் கேட்டல் வேண்டும். இரு பக்கமும் சமமாக ஒலிக்கின்றனவா, தம்புராவின் நாதத்தினூடே இரைச்சல் எழுகின்றதா என்பன அப்பொழுதே புலனாகும். விரியலாக்கியில் மிஞ்சும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுதல் நன்று.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். பெற்றோர்க்கு அன்புடன் பெருங்கருவி அனுப்புகின்றீர்கள். கனடாவின் மின்னழுத்தம் 120 உவோற்று, இலங்கையினது 230. இதனை நோக்காது அனுப்பிய கருவி முதல்நாளே பழுதாதல் கூடும். பழுதாகாவிடினும், குமிழ்கள் பலவற்றைக் கண்டு அஞ்சும் முதியோர் அதனைத் துணியால் மூடிவைப்பர். ஒரு குமிழும் ஓர் ஆளியும் உடைய சிறு கருவியாயின், மாலைதோறும் தாமே இயக்கிக் கேட்பர்.

நம் இல்லங்களில் ஓரறையிற் பிள்ளை படிக்கின்றது. மதிலுக்கப்பால் அயலார் உறங்குகின்றனர். அவர்க்கு இடையூறின்றி, மெல்லென ஒலிக்கும்போதும் இசையின் நுட்பம் கெடாது தரும் கருவியே இல்லத்திற்கு ஏற்றது. ஊருக்குக் கேட்க வேண்டுவது கோயில் மணி. வீட்டு இசை வீட்டாருக்குக் கேட்டாற் போதும் என்பது எமது துணிபு.