தட்டத் தட்டத் தெரியும் தரம்

மெக்கானிக்கல் கீபோர்டு விளையாட்டுப் பொருளா, வேலைக்கான கருவியா? வாங்குபவர் பார்க்க மறப்பது எதை?

பத்து நிமிடம், 1,750 தட்டல். ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் கிளார்க் வேலைக்கு நடத்தும் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வின் கணக்கு இது. நிமிடத்துக்கு 35 வார்த்தை. ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டல் என்று வைத்தால் மணிக்கு 10,500. அதாவது நொடிக்கு ஏறக்குறைய மூன்று. எழுத்துத் தேர்வில் பெரும் கூட்டத்தைத் தாண்டி வந்த ஒருவரின் அரசு வேலைக் கனவு, கடைசியில் முன்பின் தெரியாத ஒரு கீபோர்டின் முன்னால் வந்து நிற்கிறது.

வீட்டில் லேப்டாப்பின் தட்டையான விசைகளில் 40 வார்த்தை சாதாரணமாக அடித்தவர், தேர்வு மையத்தில் ஆழமாக இறங்கும் விசைகளைத் தொட்டதும் தடுமாறுவது உண்டு. விரல் பாதியில் நின்றுவிடுகிறது, எழுத்து விட்டுப் போகிறது. அதனால்தான் இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகும் பலர் முதலில் வாங்குவது வண்ண விளக்கு எதுவும் இல்லாத, கனமான, கடகடவென்று சத்தம் போடும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் இந்தத் தயாரிப்பு, பில் போடும் கவுன்ட்டர்களிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அதுவும் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டுதான் என்பது அதில் தினமும் தட்டும் பலருக்கே தெரியாது.

டெல்லியின் நேரு பிளேஸிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் 'மெக்கானிக்கல்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது வேறு. வானவில் போல் ஒளிரும், கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களைக் குறிவைத்த பெட்டிகள். விலை சில ஆயிரங்களில் ஆரம்பித்து எங்கேயோ போகிறது. இந்த ஒளியில், கேட்க வேண்டிய கேள்வி மறந்துபோகிறது. யார் தட்டப் போகிறார்கள்? எங்கே உட்கார்ந்து? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உள்ளே என்ன இருக்கிறது?

ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கீபோர்டைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழ். விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தினால் குமிழ் மடங்கி, அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள்களில் அச்சிட்டிருக்கும் மின்பாதைகளை ஒன்றோடொன்று தொட வைக்கும். எழுத்து விழும். செலவு குறைந்த, புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் நாளாக ஆக ரப்பர் இறுகும், கிழியும். ஒரு விசை செத்தால் மொத்தக் கீபோர்டும் குப்பைக்கு.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்விட்ச். அதற்குள் ஒரு தண்டு, ஒரு சுருள் ஸ்பிரிங், ஒன்றையொன்று தொடும் உலோகத் தகடுகள். விசை இறங்கும் மொத்த ஆழம் 4 மில்லிமீட்டர் என்றால், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை போய் மோத வேண்டியதில்லை. இதைப் பழகிக்கொண்ட விரல் நாள் முழுதும் தட்டினாலும் குறைவாகவே களைக்கும். பழகாமல் அடிவரை குத்துபவருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாதிப் பயன்தான்.

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. 1985ல் ஐ.பி.எம். வெளியிட்ட 'மாடல் எம்' கீபோர்டில், அழுத்தும்போது ஸ்பிரிங் பக்கவாட்டில் மடங்கி 'டக்' என்று ஒலிக்கும். அந்த ரகத்தை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் யூனிகாம்ப் என்ற நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஸ்விட்ச் இன்னொரு வழியைக் காட்டியது. 1990களில் கம்ப்யூட்டர் விலை சரிந்தபோது கீபோர்டின் விலையையும் குறைத்தாக வேண்டியிருந்தது. ரப்பர் வென்றது. பின்னர் செர்ரியின் காப்புரிமை காலாவதியானதும் கைல், கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் ஸ்விட்சுகளைத் தயாரித்துக் குவிக்க, மெக்கானிக்கல் கீபோர்டு மறுபடி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது.

நிறம் சொல்லும் குணம்

ஸ்விட்சுகளின் குணத்தை அவற்றின் நிறத்தை வைத்து அடையாளம் காண்பது செர்ரி ஏற்படுத்திய வழக்கம். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சிவப்பு, தடையின்றி நேராக இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுன், பாதி வழியில் விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு மேட்டைக் கடக்கும். சுமார் 55 கிராம். நீலம், அந்த மேட்டோடு 'க்ளிக்' என்ற ஒலியையும் தரும். சுமார் 60 கிராம். மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே நிறங்களைப் பின்பற்றினாலும், அழுத்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்.

கோத்ரெஜ், ரெமிங்டன் தட்டச்சு இயந்திரங்களில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு நீலம் பிடித்துப்போகும். தட்டியது பதிந்ததா என்று திரையைப் பார்க்காமலே காது சொல்லிவிடும். டி.வி.எஸ். கோல்டு ஒரு காலத்தில் செர்ரியின் நீல ஸ்விட்சுகளோடு வந்து பெயர் வாங்கியது. பிற்காலத் தயாரிப்புகளில் வேறு ஸ்விட்சுகள் வந்தாலும் க்ளிக் குணம் மாறவில்லை. ஆனால் நீலத்தை வாங்குபவர் பக்கத்து மேஜைக்காரரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அறையில் குழந்தை தூங்கும் ஒண்டுக்குடித்தன வீட்டில் இரவு பதினொரு மணிக்கு நீல ஸ்விட்ச் குடும்பச் சண்டைக்கு வழி. அங்கே பிரவுனோ சிவப்போ நல்லது. விரலின் கனம் அதிகமுள்ளவர் சிவப்பை வாங்கினால், விசை மீது சும்மா வைத்த விரலே எழுத்தைப் பதித்துவிடும். பிழைகள் கூடும்.

உழைப்பு எவ்வளவு தாங்கும்? செர்ரியின் நீல ஸ்விட்சுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 5 கோடி தட்டல். மணிக்கு 10,500 தட்டல் வீதம் தினம் நான்கு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் தட்டினால் 1 கோடியே 26 லட்சம். அதில் ஐந்தில் ஒன்று வார்த்தைகளுக்கு இடையில் இடம் விடும் ஸ்பேஸ் பாருக்குப் போகிறது. அப்படிப் பார்த்தால், மிக அதிகமாக அடிபடும் அந்த ஒரு ஸ்விட்சே ஏறக்குறைய 20 வருடம் தாங்க வேண்டும். இது ஆய்வுக்கூடக் கணக்கு. தூசியும், தேநீரும், கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் அதைக் குறைக்கும். என்றாலும் இரண்டு வருடத்துக்கொருமுறை தூக்கியெறியும் ரப்பரோடு ஒப்பிட்டால் கொடுத்த காசு வீணில்லை.

அளவில் ஏமாற வேண்டாம்

முழு அளவு கீபோர்டில் 104 விசைகள். வலப்பக்க எண் பகுதியை வெட்டினால் 87. இன்னும் சுருக்கி, அம்புக்குறி விசைகளையும் எஃப் வரிசையையும் எடுத்துவிட்டால் 61. சின்னது அழகாக இருக்கும், மேஜையில் இடம் மிச்சமாகும், மவுஸ் பிடிக்கும் கை அதிகம் நீள வேண்டியிருக்காது. ஆனால் டாலியில் கணக்கு எழுதுபவர் 61 விசையை வாங்கினால் ஒரே வாரத்தில் நொந்துபோவார். எண் பகுதி இல்லை. பேமென்ட் வவுச்சருக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8 என்று அவர் விரலுக்குப் பழகிய விசைகள் எல்லாம் இரட்டை விசைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

தமிழில் தட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தமிழக அரசு 1999ல் ஏற்ற தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்வரிசையில் பெரும்பாலானவை வலக்கைக்கும் வரும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலிப்பு முறையில் அதற்கு ஐந்து. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ண, ந, ய, ச, ஞ, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பில் இருக்கின்றன. 'ச' சதுர அடைப்புக்குறி விசையில், 'ய' மேற்கோள் விசையில், 'ழ' சாய்கோட்டு விசையில். ஆங்கிலத்தில் எப்போதாவது தொடும் இந்த விசைகள் தமிழில் வரிக்கு வரி அடிபடும். ஆகவே தமிழில் அதிகம் தட்டுபவர் கனமான ஸ்விட்சைத் தவிர்ப்பது நல்லது. 40 சதவீத அளவு என்று விற்கப்படும் குட்டிக் கீபோர்டுகள் பலவற்றில் அடைப்புக்குறி விசைகளே கிடையாது. வாங்கினால் 'ச'வைத் தேட வேண்டியதுதான்.

தமிழ் எழுத்து பொறித்த விசை மூடிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஒட்டும் ஸ்டிக்கர் கிடைக்கும். ஒரு மாதம் பார்க்காமல் தட்டிப் பழகினால் அதுவும் தேவைப்படாது. மூடியின் பிளாஸ்டிக்கையும் விசாரிக்கலாம். ஏ.பி.எஸ். ரகம் சில மாதங்களில் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். பி.பி.டி. ரகம் நீண்ட நாள் சொரசொரப்பாகவே இருக்கும். எழுத்து மேலே அச்சிட்டதா, இரட்டை வார்ப்பா என்பதும் முக்கியம். இரட்டை வார்ப்பில் எழுத்தே தனி பிளாஸ்டிக் என்பதால் அழியாது.

தானே பூட்டலாம்

இப்போது பல கீபோர்டுகளில் ஸ்விட்சை ஈயம் உருக்காமலே பிடுங்கி மாற்றும் வசதி வந்துவிட்டது. 'ஹாட் ஸ்வாப்' என்கிறார்கள். வாங்கிய பிறகு நீலம் சரிப்படாவிட்டால் பிரவுனுக்கு மாறலாம். ஒன்று செத்தால் அதை மட்டும் மாற்றலாம். உறை, தகடு, சர்க்யூட் போர்டு ஆகியவற்றைத் தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை.

முதலில் போர்டை மட்டும் கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு விசையின் இடத்திலும் சிறு இடுக்கியால் இரு முனைகளையும் தொட்டு எழுத்து விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். பூட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கழற்ற நேரும். அடுத்து ஸ்பேஸ் பார், ஷிஃப்ட், என்டர் போன்ற நீண்ட விசைகளைத் தாங்கும் கம்பிகள். மலிவான கீபோர்டு கடகடப்பது பெரும்பாலும் இவற்றால்தான். கம்பி முனைகளில் துளி கிரீஸ் தடவினால் பாதிச் சத்தம் அடங்கும். பிறகு தகடு, பிறகு ஸ்விட்ச். ஸ்விட்சின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செருக வேண்டும். புதிதாகப் பூட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, கால் மடங்கிய ஸ்விட்சை அழுத்தித் திணிப்பது. ஸ்விட்சுக்குள் எண்ணெயிடுவதும் உண்டு. குறைவாக இட்டால் வழுவழுப்பு, அதிகமாக இட்டால் மந்தம். நீல ஸ்விட்சில் இடாமல் இருப்பதே நல்லது, க்ளிக் செத்துவிடும்.

பழைய முறையில் ஈயம் வைத்து ஒட்டிய கீபோர்டு வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் எந்த நல்ல கைக்காரரும் ஒரு ஸ்விட்சைக் கழற்றி இன்னொன்றை வைத்துவிடுவார். தேநீர் கொட்டினால் உடனே வயரைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகக் காயும் வரை செருகாமல் இருக்க வேண்டும். மூடிகளைக் கழற்றிக் கழுவும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது, திரும்ப மாட்டும்போது சண்டையைத் தவிர்க்கும்.

மணிக்கட்டு சொல்வதைக் கேட்கவும்

எந்தக் கீபோர்டும் வைத்தியம் ஆகாது. பின்பக்கக் கால்களை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். அவற்றை மடக்கி வைப்பதே பலருக்கு நல்லது. முழங்கை உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். மெக்கானிக்கல் ரகங்கள் உயரமானவை என்பதால், மேஜையைத் தாழ்த்த முடியாதவர்கள் நாற்காலியை உயர்த்தலாம். மணிக்கட்டுக்கு விற்கப்படும் மெத்தைப் பட்டை ஓய்வெடுக்கும்போது வைத்துக்கொள்ளத்தான். தட்டும்போது கை அதன்மேல் அழுந்தக் கூடாது. விரல் மரத்துப்போவது தொடர்ந்தால் போக வேண்டிய இடம் கீபோர்டு கடை அல்ல, டாக்டரிடம்.

தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு யோசனை. ஒரு மாதமாவது ஆழமாக இறங்கும் விசைகளில் பழகிக்கொண்டு, கடைசி நாட்களில் ஒரு ரப்பர் கீபோர்டிலும் கொஞ்சம் தட்டிப் பார்ப்பது நல்லது. மையத்தில் எது கிடைக்கும் என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை.

வாங்கப் போகிற மற்றவர்கள் கையோடு ஒரு பக்கம் அச்சடித்த தாளை எடுத்துப் போகலாம். காட்சிக்கு வைத்திருக்கும் கீபோர்டில், நின்றுகொண்டு நாலு விசையைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுதாக அடித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நாளைக்கு வலிக்கப்போவது அவர் விரல் இல்லை.