ரப்பர் பொம்மைக்கு ஒரு வக்காலத்து

கோட்ஸில்லா படங்களை விரும்பிப் பார்ப்பதாகச் சொன்னால் இலக்கிய நண்பர்களின் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு தோன்றும். அந்தச் சிரிப்பை நாங்கள் நன்கறிவோம். ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்ட ஒருவர் அட்டைக் கட்டடங்களை மிதிக்கிறார், இதிலென்ன ரசனை இருக்கிறது என்பதே அதன் பொருள். குரோசாவா என்றால் திரையிட்டு நாள் முழுக்க விவாதிப்பார்கள்; இஷிரோ ஹோண்டா என்றால் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுவார்கள். நீலகிரிக் கூடலூரல்ல, கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரிலிருந்து எழுதும் நாங்கள் இந்த மேட்டிமையோடு கறாராகவே முரண்படுகிறோம்.

முதலில் வரலாறு. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீது பொழிந்தது. படகின் வானொலி இயக்குபவர் செப்டம்பர் 23 அன்று மருத்துவமனையில் இறந்தார். நவம்பர் 3 அன்று ‘கோஜிரா’ வெளியானது. படத்தின் தொடக்கத்திலேயே கடலில் பேரொளி எழுகிறது. கப்பலொன்று எரிந்து மூழ்குகிறது. செய்தித்தாளில் படித்துப் பதறிய ஒன்றையே அன்றைய பார்வையாளர்கள் இருட்டில் மறுபடியும் கண்டார்கள். இயக்குநர் ஹோண்டாவோ போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர்.

உலகில் பெரும்பாலானோர் நெடுங்காலம் பார்த்தது இந்தப் படத்தை அல்ல. 1956இல் அமெரிக்காவில் இதை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை இடையிடையே நுழைத்து, குண்டைப் பற்றிய பேச்சைப் பெருமளவு நீக்கி வெளியிட்டார்கள். முடமாக்கப்பட்ட பிரதியைப் பார்த்து மூலத்தை எள்ளுவது எந்த விமர்சன மரபில் சேர்த்தி?

குரோசாவா பக்தர்களுக்கு இன்னொன்று. ‘ஏழு சாமுராய்கள்’ வெளியானதும் அதே 1954இல்தான். தயாரித்ததும் அதே தோஹோ நிறுவனம்தான். அதில் சாமுராய்களின் தலைவராக வந்த தகாஷி ஷிமுரா, ‘கோஜிரா’வில் மிருகத்தைக் கொல்லாதீர்கள், ஆராயுங்கள் என்று மன்றாடும் முதிய விஞ்ஞானியாக வருகிறார். பிற்காலத்தில் ‘ககேமுஷா’, ‘ரான்’ படங்களில் குரோசாவாவுக்குத் துணைநின்றவர் இதே ஹோண்டா. 1961இல் வந்த ‘மோத்ரா’வின் மூலக்கதையை ஷினிசிரோ நகமுரா, தகேஹிகோ ஃபுகுநாகா, யோஷிஎ ஹொட்டா ஆகிய மூன்று இலக்கியவாதிகள் சேர்ந்து எழுதினார்கள். ராட்சத அந்துப்பூச்சிக்குக் கதை எழுதியதால் தங்கள் இலக்கியம் தீட்டுப்பட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

இனி ரப்பருக்கு வருவோம். கூத்தில் கட்டைக் கிரீடம் தரித்து துரியோதனன் ஆடும்போது, ‘அது வெறும் மரம்தானே’ என்று எவரும் சிரிப்பதில்லை. ஜப்பானியரின் புன்ராகு பொம்மலாட்டத்தில் ஆட்டுவிப்போர் மேடையிலேயே தெரிகிறார்கள். ஆனாலும் பொம்மை அழும்போது அவையும் கலங்குகிறது. ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள உடுப்புக்குள் விளக்குகளின் வெக்கையில் வெந்தபடி நடந்த ஹருவோ நகஜிமாவை நாங்கள் அந்த மரபில் வைத்தே பார்க்கிறோம். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே தோல் கையுறையால் கான்ட்ராபாஸின் தந்திகளை உரசி எழுப்பிய அந்தப் பிளிறல், இன்றைய கணினி மிருகங்கள் எதற்கும் வாய்க்காத துயரத்தைக் கொண்டது.

‘குறியீடாகப் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம்’ என்று சலுகை தருவோரும் உண்டு. மிருகம் என்றால் அணுகுண்டு என்று எழுதிக் கோப்பை மூடிவிடும் இந்தச் சலுகை எங்களுக்கு வேண்டாம். ஏனெனில் எங்கள் பள்ளத்தாக்கில் மிருகம் குறியீடாக வரவில்லை.

2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஆட்டோக்கள் நொறுங்கின. யானை தாக்கிய ஒருவர் பின்னர் இறந்தார். 144 தடை உத்தரவு போடப்பட்டது. கைப்பேசித் திரையில் அந்தக் கரிய உருவம் கடைத்தெருவைக் கடந்ததைப் பார்த்தபோது எங்களுக்கு டோக்கியோவின் கின்சா தெரு நினைவுக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை. இந்த யானை தானாக இங்கு வரவில்லை. கேரளத்தின் சின்னக்கானலில், யானைகள் காலங்காலமாக நடந்த வழியில் மனிதர்கள் குடியேற்றப்பட்டார்கள். அங்கே அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்ததாலேயே அதற்கு அந்தப் பெயர். ஏப்ரல் 29 அன்று அதை மயக்கிப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்துதான் அது மலையிறங்கியது. ஜூன் 5 அன்று மறுபடியும் மயக்க ஊசி. களக்காடு முண்டந்துறைக்குப் பயணம்.

கடலடியில் கிடந்த தன் வாழிடத்திலிருந்து குண்டுச் சோதனையால் கிளப்பிவிடப்பட்டு நகரத்துக்குள் வருவதே கோஜிராவின் கதையும். ஹோண்டா இரண்டு துயரங்களையும் ஒருசேர நம் முன் வைக்கிறார். எரியும் தெருவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் ஒரு தாயையும் காட்டுகிறார். இறுதியில் கடலடியில் கரைந்து சாகும் மிருகத்துக்காகவும் நம்மை வருந்தவைக்கிறார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அவர் அழிப்பதில்லை. அந்த நாட்களில் இங்கு நடந்த பேச்சோ இரண்டாகப் பிளந்து கிடந்தது. ‘சுட்டுத் தள்ளு’ என்றது ஒரு தரப்பு. யானைக்குப் பாட்டுக் கட்டி, இறந்த மனிதரை மறந்தது இன்னொரு தரப்பு. இரண்டையும் ஒரே மனத்தில் தாங்க நாங்கள் கற்றது, நண்பர்கள் நகைக்கும் இந்தப் படங்களிலிருந்துதான்.

எல்லாப் படமும் உன்னதம் என்று வாதிட மாட்டோம். அறுபதுகளின் இறுதியில் மிருகங்கள் மல்யுத்தம் செய்து சிறுவர்களை மகிழ்வித்தன. அவற்றையும் குற்றவுணர்வின்றிக் கைதட்டியே பார்க்கிறோம். மகிழ்ச்சிக்கு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கமில்லை.

சிரிக்கும் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள்: 1954இன் மூலப் படத்தை, வெட்டப்படாத ஜப்பானியப் பிரதியை, ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். அதன்பிறகும் சிரிப்பு வந்தால் கூடலூருக்கு வாருங்கள், விவாதிப்போம்.