இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு தலைநகரம்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கிறது செட்டியார்பட்டி பேரூராட்சி. பக்கத்திலுள்ள தளவாய்புரம், முகவூரைப் போலவே இங்கும் தறியும் தையல் இயந்திரமும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. தமிழகத்தின் பல ஊர்க் கடைகளில் விற்கும் நைட்டிகள் இந்த வட்டாரத்தில் தைக்கப்பட்டவை. இவர்கள் தைத்த துணி சென்னைக்கு அடிக்கடி போய் வருகிறது. தைத்தவர்கள் போய் வருவது அபூர்வம்.

அப்படிப் போகும்போதும் அது பெரும்பாலும் ஒரே நாள் பயணம்தான். இரவில் ராஜபாளையத்தில் பொதிகை விரைவு ரயிலில் ஏறினால், பொழுது புலரும் நேரத்தில் எழும்பூர். வந்த வேலை முடிந்ததும், அன்றிரவு எட்டரை மணிக்குப் பிறகு புறப்படும் அதே பொதிகையில் திரும்பினால், மறுநாள் காலையில் ஊர். நடுவில் கிடைப்பது சுமார் பதினான்கு மணி நேரம். விடுதியில் அறை எடுக்கும் செலவு இல்லை. இரண்டு இரவுகளும் ரயிலிலேயே கழிந்துவிடும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

தென் மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான சிற்றூர்களுக்குத் தலைநகரம் என்பது இந்தப் பதினான்கு மணி நேரம்தான். அரசுப் பணித் தேர்வாணையத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, ஒரு நேர்முகத் தேர்வு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ ஒரு பரிசோதனை, ஒரு தூதரக நேர்காணல் என ஏதோ ஒரு காரணம் அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்குகிறது. பல நேரங்களில் வேலை முற்பகலிலேயே முடிந்துவிடும். மிச்சமிருக்கும் நேரத்தை என்ன செய்வது என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஒரு மாநிலம் தன் தலைநகரத்தை யாருக்காக நடத்துகிறது என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

முன்பு இந்தப் பயணத்துக்கு ஒரு பருவமே இருந்தது. பொறியியல் கலந்தாய்வுக்காகக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எல்லா மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் பெற்றோருடன் வந்து குவிந்த காலம் அது. பல குடும்பங்கள் முதன்முதலில் கடலைப் பார்த்தது, பிள்ளைக்குக் கல்லூரி கிடைத்த அந்த நாளின் மாலையில்தான். 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அது நல்ல மாற்றம். அலைச்சலும் செலவும் மிச்சமாயின. அதற்கு முன்பே, 2004-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டதால் வழக்குகளுக்காகச் சென்னை செல்லும் தேவையும் தென் மாவட்டங்களுக்குக் குறைந்தது. காரணங்கள் குறையக் குறைய, தலைநகரைப் பார்க்கும் வாய்ப்பும் சேர்ந்தே குறைகிறது. எஞ்சியிருக்கும் பயணங்கள் அரிதாகிவிட்டதால், அவற்றில் கிடைக்கும் ஓய்வு நேரத்தின் மதிப்பு கூடியிருக்கிறது.

அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதை எழும்பூர் நிலையத்தின் நடைமேடைகளில் எந்த நாளிலும் காணலாம். பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் குடும்பங்கள். மதியம் இரண்டு மணிக்கே வந்து அமர்ந்து, இரவு ரயிலுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள். வழி தவறிவிடுமோ, ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்களோ, திரும்பி வருவதற்குள் ரயில் போய்விடுமோ என்கிற அச்சங்கள் அவர்களை அங்கேயே கட்டிப்போட்டுவிடுகின்றன. கொஞ்சம் துணிந்தவர்கள் தியாகராய நகருக்குச் சென்று துணி வாங்கித் திரும்புகிறார்கள். துணி தைக்கும் ஊரிலிருந்து வந்தவர்களும் அதையே செய்கிறார்கள்.

ஆனால், அந்த நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் பாந்தியன் சாலை. அங்கே 1851-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைமையான அருங்காட்சியகங்களில் ஒன்று அது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் உள்ளிட்ட சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூரில் நூற்றாண்டுக்கு முன் அகழ்ந்தெடுத்த பொருள்கள் எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ளன. தாமிரபரணிக் கரையின் தொன்மையைத் தெற்கிலிருந்து வந்தவர் காண்பதற்கு எழும்பூரில் அரை நாள் போதும். அதே வளாகத்தில், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் இதுவும் ஒன்று. நடைமேடையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் தேர்வு எழுத வந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கொஞ்சம் தள்ளிப் போக விரும்புவோருக்கும் வழி உண்டு. எழும்பூரில் புறநகர் ரயிலேறி அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கினால், எதிரிலேயே பூங்கா நகரில் பறக்கும் ரயில். அது திருமயிலைக்கும், மெரீனாவை ஒட்டிய கலங்கரை விளக்கத்துக்கும், கோட்டூர்புரத்துக்கும் கொண்டுசேர்க்கும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ரயில் கட்டணம் சில ரூபாய்தான். 2021 மே மாதத்திலிருந்து மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம்; அந்தச் சலுகை செட்டியார்பட்டிப் பெண்ணுக்கும் உண்டு. 2018-இலிருந்து எழும்பூரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. போக்குவரத்து இருக்கிறது, பார்க்கவும் இருக்கிறது. இரண்டையும் ஒரு நாள் பயணியின் கையில் சேர்ப்பார் யாருமில்லை.

தடைகள் பெரியவை அல்ல. ஆனால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது, காலை நேரம். ரயில் விடியலில் வந்துவிடுகிறது. அருங்காட்சியகம் ஒன்பதரை மணிக்குத்தான் திறக்கிறது. அலுவலகங்கள் பத்து மணிக்கு. இடைப்பட்ட மூன்று மணி நேரத்துக்கும் மேலாக முகம் கழுவ, உடை மாற்ற, உட்கார ஓர் இடம் வேண்டும். நிலையத்தின் ஓய்வறையும் பொருள் பாதுகாப்பறையும் எங்கே உள்ளன என்பது முதன்முறை வருபவருக்குத் தெரிவதில்லை. பூட்டுப் போட்ட பெட்டிகளையே பாதுகாப்பறையில் ஏற்பார்கள் என்பது, துணிப்பையோடு வந்தவருக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியவரும். பெண்கள் நிலையத்தை விட்டு வெளியேறத் தயங்குவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, வெளியே நம்பிச் செல்லத்தக்க கழிப்பறை கிடைக்குமா என்ற ஐயம்.

இரண்டாவது, விடுமுறை நாள்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் செவ்வாய்க்கிழமை இயங்கா. சென்னையில் வசிப்பவர் மறுநாள் போகலாம். வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்தவருக்கு மறுநாள் என்பதே கிடையாது.

மூன்றாவது, பேருந்தில் வருவோரின் நிலை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரின் நெரிசல் குறைய அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால், நகரின் மையத்துக்கு வந்து திரும்ப, ஒரு நாள் பயணி தன் பதினான்கு மணி நேரத்தில் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரத்தை இழக்கிறார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதன் தாமதத்துக்கு உள்ளூர்வாசிகள் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேசுகிறோம். வெளியூர்க்காரர் கொடுக்கும் விலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இடைத்தங்கல் பயணி உலகுக்குப் புதியவர் அல்லர். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியவர்களை, கட்டணமின்றி நகரைச் சுற்றிக்காட்டி அழைத்து வருகிறார்கள். இஸ்தான்புல்லில் துருக்கி விமான நிறுவனமும் அதையே செய்கிறது. நாலு மணி நேரம் நம் ஊரில் இருக்க நேர்ந்தவரும் நம் விருந்தினரே என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. அவர் நாளை மீண்டும் வருவார் என்ற வணிகக் கணக்கும் இருக்கிறது. எழும்பூரில் விடியற்காலையில் இறங்குபவரோ வெளிநாட்டவர்கூட அல்லர். அந்த அருங்காட்சியகமும் நூலகமும் அவருடைய வரிப்பணத்தில் நடப்பவை.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. எழும்பூர் நிலையத்தின் மறுசீரமைப்புக்குப் பிரதமர் 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டினார். சுமார் 735 கோடி ரூபாய்த் திட்டம் அது. அதில் நடைமேம்பாலங்களுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் ஒதுக்கும் அக்கறையில் சிறு பகுதியை, காலையில் வந்து இரவில் திரும்பும் பயணிக்கும் ஒதுக்கலாம். குறைந்த கட்டணக் குளியலறை, துணிப்பையையும் ஏற்கும் பாதுகாப்பறை, தமிழில் பேசும் ஓர் உதவி மேசை, 'உங்களிடம் நான்கு மணி நேரம் இருந்தால்' என்று வழிகாட்டும் பெரிய வரைபடம் ஆகியவை போதும். மாநில அரசு தன் பங்குக்கு, அருங்காட்சியகங்களின் வார விடுமுறையை ஒரே நாளில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கலாம். வாரத்தில் இரு நாள்களேனும் காலை ஏழு மணிக்கே திறக்கலாம். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் பொதுவான 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் அறிமுகமானது. அதன் வழியாகவும், திறன்பேசி இல்லாதவருக்குக் காகிதத்திலும், மூன்றிலும் நாள் முழுவதும் செல்லத்தக்க ஒரே சீட்டு கிடைத்தால், வழி தவறும் அச்சத்தில் பாதி போய்விடும். தவறிய வண்டிக்குப் பதில் அடுத்த வண்டியில் ஏறலாம் என்ற துணிவுதான் நகரத்தைப் பழக்கும்.

இதைவிட எல்லாவற்றையும் மாவட்டங்களுக்கே கொண்டுசெல்வதல்லவா சரி என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகமும், அதே ஆண்டு ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. ராஜபாளையத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இத்தகைய இடங்கள் திருநெல்வேலியிலும் விருதுநகரிலும் பெருக வேண்டும். ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தலைநகரம் சேர்த்து வைத்திருப்பதை மாவட்டந்தோறும் பிரித்துக் கொடுக்க முடியாது. கடலையும் கொண்டுவர முடியாது.

பயணியின் பக்கத்திலும் ஒரு பொறுப்பு உண்டு. கிடைத்த ஒரு நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம், ஒன்றையும் பார்க்க விடாது. மெரீனாவில் இருபது நிமிடம், மயிலாப்பூரில் பத்து நிமிடம், தியாகராய நகரில் கூட்டத்தோடு ஒரு மணி நேரம் என்று ஓடியவரின் நினைவில் நிற்பது போக்குவரத்து நெரிசல் மட்டுமே. ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே மூன்று மணி நேரம் இருப்பதே உத்தமம். காலையில் முதலில் வந்த வேலை. உச்சிவெயிலில் கூரையுள்ள ஓர் இடம், அது அருங்காட்சியகமாகவோ நூலகமாகவோ இருக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. ஏழரை மணிக்கு நிலையம். இதற்கு மேல் ஒரு திட்டம் தேவையில்லை. புறப்படும் முன்பே, போகும் கிழமையில் அந்த இடம் திறந்திருக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வது அதனினும் நல்லது. மலையடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலை முதன்முதலில் காட்டும் மாலை, வாழ்நாளில் ஒருமுறைதான் வரும்.

பள்ளிகளும் இதில் உதவலாம். மாவட்டத் தலைநகருக்கும் மாநிலத் தலைநகருக்கும் தனியாகச் சென்று திரும்பக் கற்பதும் கல்விதான். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, நூலகத்தில் உறுப்பினராக இல்லாமலும் அமர்ந்து படிக்கலாம் என்று தெரிந்திருப்பது, அரசு அலுவலகத்தில் தயங்காமல் கேள்வி கேட்பது போன்றவற்றைப் பாடநூல் கற்றுத் தருவதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு இவை தானாக வாய்க்கின்றன. நாளை நேர்முகத் தேர்வு அறையில் இருவரும் அருகருகே அமரும்போது, மதிப்பெண்ணில் தெரியாத இந்த வேறுபாடு முகத்தில் தெரிகிறது.

எழும்பூர் நடைமேடையில் பதினான்கு மணி நேரம் காத்திருந்து ஊர் திரும்பும் மாணவிக்குச் சென்னை என்றால் ஒரு கூரை, ஒரு கடிகாரம், ஓர் ஒலிபெருக்கி. அவள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் அவளுக்குச் சொந்தமான அருங்காட்சியகம் அன்று முழுவதும் திறந்திருந்தது. அந்த ஒரு கிலோமீட்டரைக் குறைப்பது கடினமான காரியமல்ல. அங்கே அவள் போகலாம் என்பதை அவள் ரயிலிலிருந்து இறங்கிய உடனே யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.