புத்தம் புதிய காப்பி

மௌனப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், நம்மவர்கள் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். “அந்தக் காலத்துப் பிலிம் சட்டென்று தீப்பற்றும். மிச்சத்தை நம் ஊர் வெயிலும் ஈரமும் தின்றுவிட்டன. யாரை நோவது?” என்கிறார்கள். தட்டாஞ்சாவடியில் என்னோடு மாலை வேளையில் பேச உட்காரும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இதே வெயிலிலும் இதே கடற்காற்றிலும்தான், நாலு மைல் தாண்டாமல், புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் ஆயிரக்கணக்கான சைவ ஓலைச் சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. ஓலை மட்டும் என்ன, கல்லா? காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் நினைத்தார், அது நிலைத்தது.

மௌனப் படத்தைக் கொன்றது வெயில் அல்ல. ‘புதுசு’ என்ற ஒரு சொல் கொன்றது. அந்தச் சொல்லை ரசிகனிடம் சொல்வதற்கு முன்னால் கொட்டகைக்காரரிடம் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஆபீஸ் உத்தியோகஸ்தரான சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் காட்டினார். படம் அவருடைய சொத்து. பார்க்காத ஊர் ஒன்று இருக்கும்வரை அது பழையதாகாது. சொத்து என்பதால் அதைப் பேணவும் வேண்டியிருந்தது.

1907-ல் பாரிஸில் பாத்தே கம்பெனி இந்த முறையைக் கவிழ்த்தது. இனிப் படத்தை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுவோம் என்றது. மெல்ல மெல்ல உலகமே அந்த வழிக்கு வந்தது. கொட்டகைக்காரர் அன்றிலிருந்து சில நாள் குத்தகைக்காரர். அவர் விநியோகஸ்தரிடம் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருந்தது: “புதுசா?” பதிலும் ஒன்றுதான். புதியதைப் புகழ்ந்து பெட்டியைத் தள்ளுகிற வாய், போன மாதம் தானே புகழ்ந்ததைக் குப்பை என்று சொல்லியாக வேண்டும். வேறு வழி கிடையாது.

தேர்ந்தெடுக்கும் உரிமையாவது கொட்டகைக்காரருக்கு இருந்ததா? சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் ஒரு சினிமா விசாரணைக் கமிட்டி நாடெங்கும் சாட்சியம் கேட்டது. வேண்டிய ஒரு படத்துக்காக வேண்டாத பலவற்றையும் மொத்தமாகத் தலையில் கட்டுகிறார்கள் என்ற புகார் அதன் முன் வந்தது. கண்ணால் பாராத சரக்கைப் ‘பிரமாதம்’ என்று தண்டோராப் போட வேண்டிய நிலை!

1931-ல் பேசும் படம் வந்தது. அத்தனை மௌனப் படமும் ஒரே மூச்சில் ‘பழசு’ ஆயிற்று. வாடகைக்குப் போகாத பெட்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? பிலிமைக் கரைத்து வெள்ளி எடுத்தார்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கு மேல் மௌனப் படங்கள் எடுத்தார்கள். முழுசும் துண்டுமாக இன்று மிஞ்சியவை சில டஜன்தான். மோட்டார் வியாபாரியாக இருந்த நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, தென்னாட்டின் முதல் கதைப்படம். அதில் ஒரு சாண் பிலிம்கூட இல்லை.

தென்னாட்டில் தப்பிப் பிழைத்தது எது தெரியுமா? ‘மார்த்தாண்ட வர்மா’. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போனார். திருவனந்தபுரத்தில் திரையிட்ட கையோடு படம் முடங்கிற்று. பதிப்பாளர் வசமே கிடந்த அதை 1974-ல் புனே திரைப்படக் காப்பகம் பெற்றுக்கொண்டது. ஊர் ஊராய் ‘புதுசு’ என்று விற்றவை எல்லாம் மாண்டன; விற்க முடியாமல் பூட்டிவைத்த ஒன்று பிழைத்தது! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“கொட்டகைக்காரன் பிழைக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். பிழைக்கட்டும். புதுப் படத்தை விளம்பரம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புத்தகக் கடைக்காரரும் புது நாவலைத்தான் முன்வரிசையில் வைக்கிறார். ஆனால் பதிப்பிக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கன்னிமரா போன்ற நூலகங்களுக்குப் போக வேண்டும் என்று 1954-ல் சட்டம் செய்தார்கள். அதனால் விற்காத நாவலும் எங்கோ ஓர் அலமாரியில் உயிரோடு இருக்கிறது. படத்துக்கும் அப்படி ஓர் அலமாரியைக் கட்டாயமாக்கினால் என்ன?

இப்போது பெட்டியும் போய்விட்டது. தியேட்டருக்கு வரும் படம், குறித்த நாள்வரை மட்டும் திறக்கும் ஒரு கம்ப்யூட்டர்ச் சாவியோடு வருகிறது. வெள்ளிக்கிழமை கொண்டாடிய படம் அடுத்த வெள்ளியில் காணோம். நூறு வருஷத்துக்கு முன் மௌனப் படத்தைப் பறிகொடுத்தபோது தீயின் மேல் பழி போட்டோம். இப்போது எதன் மேல் போடப்போகிறோம்?