தறியை விட்டு இறங்கியோர்

காஞ்சிமாநகரின் பெருமையைக் கூறுவோர் கோயிலைக் கூறுவர். அடுத்துப் பட்டைக் கூறுவர். ஏகாம்பரநாதர், வரதராஜர், காமாட்சியம்மை சந்நிதிகளுக்கு யாத்திரை வருவோர் ஒரு சேலையேனும் வாங்காமல் ஊர் திரும்புவது அரிது. 2005-ஆம் ஆண்டு முதல் காஞ்சிப் பட்டு என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டக் காப்பும் உண்டு. பெயருக்குக் காப்பு உண்டு; சேலைக்கு மதிப்பு உண்டு. அதனை நாற்பது ஐம்பது ஆண்டுகள் நெய்து கை தளர்ந்தவருக்கும், அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டுபவருக்கும் என்ன காப்பு உண்டு? இன்று நாம் ஆராயப் புகும் விஷயம் இதுவே.

முதுமை எல்லோர்க்கும் பொது. ஆயினும் நெசவாளனின் முதுமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவன் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, முதுகை வளைத்து, மயிரிழையினும் மெல்லிய பட்டிழையைக் கண் கொட்டாமல் பார்த்துக் காலங்கழிப்பவன். ஆகவே கண்ணும் முழங்காலும் இடுப்பும் முதலில் தளர்கின்றன. மாதச் சம்பளக்காரனுக்கு ஓய்வு பெறும் நாள் ஒன்று குறித்திருக்கிறது. அதன்பின் ஓய்வூதியமும் வருகிறது. நெசவாளனுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நெய்தால் உண்டு, நெய்யாவிடில் இல்லை. இழை கண்ணுக்குத் தெரியாமற்போகும் நாளே அவன் ஓய்வு பெறும் நாள். அப்பொழுதும் அவன் சும்மா இருப்பதில்லை. ராட்டை முன் அமர்ந்து தார் சுற்றுகிறான். அதுவும் முடியாதபோதுதான் பாயில் படுக்கிறான்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. காஞ்சிப் பட்டின் உயிர்நிலை கோர்வை எனப்படும் வேலைப்பாடு. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம்; இரண்டையும் நெய்யும்போதே பிரியாதபடி இணைப்பது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவரோடு, ஒரு புறம் நாடா வாங்கிக் கொடுக்கத் துணையாள் ஒருவரும் வேண்டும். முற்காலத்தில் இத்துணை வேலையைச் சிறு பிள்ளைகள் செய்தனர். அக்கொடுமை ஒழிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றது மிகவும் நன்று. அதனைக் குறித்து வருந்துவோர் எவரும் இரார். ஆனால் பிள்ளை விட்ட இடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண் வந்து அமர்ந்தாள். படித்த பிள்ளைகளோ ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் எழுந்துள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி உழைக்கும் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மாதந்தோறும் நிச்சயமாகக் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு நிச்சயமற்ற தறிக்கு வாருங்கள் என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

இப்பொழுது பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை மனத்திற் கொள்வோம். கிழவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். அவருக்குப் பணிவிடை செய்ய வேண்டியவள் யார்? தறியில் துணையாளாக அமர்ந்திருந்த மருமகளே. அவள் எழுந்து நோயாளியிடம் சென்றால் தறி நிற்கிறது. அவள் ஒருத்தியின் உழைப்பு மட்டுமா நிற்கிறது? நெய்யும் கணவனின் உழைப்பும் கூடவே நின்றுவிடுகிறது. கூலிக்குத் துணையாள் வைத்துக்கொண்டால் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. அவள் தறியிலேயே இருந்தாலோ, நோயாளி ஈரப் பாயில் கிடக்கிறார். ஒருவருடைய நோய் இருவருடைய வருவாயை விழுங்குவது கோர்வைத் தறியின் இயல்பு. முதியோர் நலம் என்று பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். சென்னை ராஜ்யத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் ஆயிற்று. கூட்டுறவுச் சங்க நெசவாளர்க்கென்று தனி ஓய்வூதியத் திட்டமும், சேமிப்பு–பாதுகாப்புத் திட்டமும் உள்ளன. சங்கத்திற் சேராதோர்க்கு நலவாரியம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. படுத்த படுக்கையாயிருப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். இவை யாவும் பாராட்டத் தக்கன.

ஆனால் 1,200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். இந்தியா முழுமைக்குமான திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கு மத்திய சர்க்கார் தன் பங்காகக் கொடுப்பது மாதம் 200 ரூபாய். 2007-இல் இந்திரா காந்தி பெயரால் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோதும் அத்தொகையே இருந்தது. இடையில் அரிசி விலை ஏறிற்று. மருந்து விலை ஏறிற்று. பட்டு நூல் விலையும் ஏறிற்று. அந்த 200 மட்டும் நகரவில்லை. தேச நிர்மாணம் என்று முழங்குவோர், தேசத்துக்கு உழைத்துத் தேய்ந்தவர்க்கு நாளொன்றுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவாக அளந்து கொடுப்பது வெட்கத்துக்குரியது.

சட்டத்தின் கதியும் இவ்வாறே. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிடலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். கொடிய பிள்ளைகளை அடக்க இது வேண்டியதே. ஆனால் காஞ்சியின் நெசவாளர் வீதிகளில் பெரும்பாலான பிள்ளைகள் கொடியோர் அல்லர், ஏழைகள். 2019–20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி தேசத்தின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்க்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. பட்டு நெய்வோர் நிலை இதனினும் சற்று மேலானது என்றே வைத்துக்கொண்டாலும், இல்லாதவனிடம் ஜீவனாம்சம் எங்ஙனம் வாங்குவது? அன்றியும் பணம் கொடுப்பவன் யார் என்று கேட்கும் சட்டம், இரவில் விழித்திருப்பவர் யார் என்று கேட்கவில்லை.

இக்கேள்விக்கு விடை எல்லோரும் அறிந்ததே. மனைவி, மருமகள், மகள் ஆகிய பெண்டிரே இரவில் விழித்திருப்பவர். பல வீடுகளில் அறுபத்தைந்து வயதுக் கிழவியே எழுபத்தைந்து வயதுக் கிழவரைத் தூக்கிப் புரட்டுகிறாள். அவளைத் தூக்கும் நாள் வந்தால் தூக்குவார் யாருமில்லை. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த இதே காஞ்சியில்தான் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டில் பெண் செய்யும் வேலையும் உழைப்பே என்னும் தத்துவம் அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அத்தத்துவத்தை இன்னும் ஓரடி முன்கொண்டு செல்லுமாறே நாம் வேண்டுகிறோம். பணிவிடை செய்வோர்க்கும் ஓய்வு வேண்டும், உதவி வேண்டும், ஊதியமும் வேண்டும்.

பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடைக்குக் கூலியா, இது நம் தர்மத்துக்கு அடுக்குமா என்று சிலர் கேட்பர். அவர்கள் காஞ்சி ஜில்லாவிலேயே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலுக்குச் சென்று பார்ப்பார்களாக. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய சாசனம் இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று கோயிலைச் சார்ந்து நடந்த விவரத்தை அது கூறுகிறது. வைத்தியருக்கும் சல்லியக்கிரியை செய்வோர்க்கும் மட்டுமன்றி, நோயாளிகளின் அருகிருந்து பணிவிடை புரிந்த பெண்டிர்க்கும் அதிலே ஊதியம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் பணிவிடையை ஊதியத்துக்குரிய தொழிலாக மதித்தனர். கோயிலும் அதைத் தன் கடமையெனக் கொண்டது. அதைத் தர்மக்குறைவு என்று அவர்கள் நினைக்கவில்லை. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்க்க வந்ததும் இக்கச்சி மாநகருக்கே அன்றோ?

அண்டை நாட்டின் அனுபவத்தையும் பார்ப்போம். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் நோய்த்தணிப்புச் சங்கம் ஒன்று தோன்றிற்று. நாளடைவில் மலப்புரம் முதலிய ஜில்லாக்களில் ஊர்தோறும் சாதாரண ஜனங்களே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று, படுக்கையிலுள்ளோரின் வீடு தேடிச் சென்றனர். சிறு சிறு நன்கொடைகளால் அவ்வேலை நடந்தது. 2008-இல் கேரள சர்க்கார் அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. 2010-இல் ‘ஆசுவாச கிரணம்’ என்னும் திட்டத்தால், படுத்திருப்போரை இடைவிடாது பார்த்துக்கொள்பவர்க்கு மாத உதவித் தொகையும் வகுத்தது. தொகை சிறிது; தத்துவம் பெரிது. ஜப்பான் 2000-இலும் ஜெர்மனி 1995-இலும் நெடுநாட் பராமரிப்புக்கென்றே காப்பீட்டு முறையை ஏற்படுத்தின. ஜெர்மனியில் வீட்டிலேயே உறவினரால் பேணப்படுவோர்க்கும் அதிலிருந்து பணம் கிடைக்கிறது. அவை செல்வ நாடுகள். கேரளம் நம்மைப் போன்றதே. அங்கு இயன்றது இங்கு ஏன் இயலாது?

காஞ்சியில் செய்யத்தக்கன இவை.

முதலாவது, பகல் இல்லங்கள். நெசவாளர் வீதிகளில் முதியோர் பகற்பொழுதைக் கழிக்க நிழலும், உணவும், வைத்தியப் பரிசோதனையும் உள்ள இடம் வேண்டும். பெருஞ்செலவில் புதுக் கட்டடம் தேவையில்லை. சங்கக் கட்டடங்களும், சத்திரங்களும், பயனற்றுக் கிடக்கும் மண்டபங்களும் போதும். கோயில் உண்டியலைத் தொடுமாறு நாம் சொல்லவில்லை; நிழலைக் கொடுக்குமாறே சொல்லுகிறோம். கிழவர் பகலில் அங்கிருந்தால் மருமகள் தறியிலிருப்பாள். அந்த வீட்டில் அடுப்பும் எரியும்.

இரண்டாவது, பணிவிடை நிதி. கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் சேலை ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் இந்நிதிக்கென்று எடுத்து வைக்கலாம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் பட்டு வாங்குவோர்க்கு இஃது ஒரு சுமையாகாது. ஒரு சங்கம் ஆண்டில் 10,000 சேலை விற்பதாகக் கொண்டால் 5 லட்சம் ரூபாய் சேரும். மாதம் 2,000 வீதம் இருபது குடும்பங்களைத் தாங்கலாம். சர்க்கார் சமபங்கு இட்டால் நாற்பது குடும்பங்களைத் தாங்கலாம். பெருவணிகரும் ஜவுளிக்கடை முதலாளிகளும் இவ்வாறே செய்ய வேண்டும். அவர்களுக்கு நெய்வோரும் கிழவராகத்தான் ஆகின்றனர்.

மூன்றாவது, அண்டை அயலார் சேவைக் குழுக்கள். கல்லூரி மாணவரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், செவிலியரும் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால், பணிவிடை செய்பவள் கோயிலுக்கோ, சந்தைக்கோ, தன் தாய் வீட்டுக்கோ போய்வரலாம். மக்களைத் தேடி மருத்துவ ஊழியர் மாத்திரை கொடுத்துச் சென்ற பின், மறுமுறை வரும் வரை நோயாளியைப் பார்ப்பவர் இவர்களாயிருப்பர். 2019-இல் அத்தி வரதர் தரிசனத்துக்கு 48 நாட்களில் ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் வந்தபோது தண்ணீரும் உணவும் கொடுத்த நகரம் இது. தொண்டுள்ளம் இங்கு இல்லாமலில்லை. அதனை 48 நாளைக்குப் பதிலாக ஆண்டு முழுமைக்கும் ஒழுங்குபடுத்துவோரே வேண்டும்.

நான்காவது, மத்திய சர்க்காரின் 200 ரூபாய் உடனே உயர்த்தப்பட வேண்டும். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தானே உயரவும் வழி செய்ய வேண்டும். சங்கத்தில் உள்ளோர், வெளியே உள்ளோர் என்ற வேற்றுமையின்றி, தறியில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரே முறையில் ஓய்வூதியம் கிடைக்க வேண்டும். துணையாளாகவே வாழ்நாளைக் கழித்த பெண்ணும் நெசவாளியே என்று பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கணவன் பெயரில் மட்டும் அட்டை இருக்குமாயின், அவள் உழைத்த உழைப்புக்கு அத்தாட்சி ஏது?

இவற்றுக்கெல்லாம் நாள் கடத்த இடமில்லை. தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் பதினெட்டுப் பேராவர் என்பது நிபுணர் குழுவின் கணிப்பு. முதியோர் பெருகுவர், தாங்கும் கைகள் குறையும். இன்று முறை வகுக்காவிடில், நாளை ஒவ்வொரு வீடும் தனித்தனியே தத்தளிக்கும்.

நெசவாளர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. உடலும் கரையும் தனித்தனி இழைகள். கோர்வை உறுதியாயிருந்தால் சேலை தலைமுறை கடந்தும் கிழியாது. கோர்வை நெகிழ்ந்தால் கரை கழன்றுவிடும். இளையோரையும் முதியோரையும் இணைக்கும் கோர்வை இன்று ஓரிரு பெண்களின் கைகளிலேயே விடப்பட்டிருக்கிறது. அக்கைகள் சோர்ந்துவிட்டன. சங்கங்களும், கோயில்களும், வணிகரும், நகரத்தாரும், சர்க்காரும் சேர்ந்து கைகொடுக்க வேண்டிய தருணம் இது. வருகிற பண்டிகைப் பட்டு விற்பனை தொடங்குமுன் நிதிக்கான தீர்மானத்தை நிறைவேற்றும் முதற் சங்கம் எது?