ஒரே துளை எல்லோருக்கும் ஆகாது

டயாலிசிஸ் நோயாளிகள் எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் அதே துளையில் ஊசி போட்டால் வலி தீரும் என்கிறது ஒரு வாதம். வலி நிஜம்தான். வாரம் மூன்று முறை, முறைக்கு இரண்டு தடித்த ஊசி என்றால் ஆண்டுக்கு 312 குத்து.

ஆனால் 1970களில் போலந்தில் மருத்துவர் த்வார்தோவ்ஸ்கி கண்ட இந்த முறையில், தோலுக்கடியில் ஊசிக்கான பாதை உருவாகும்வரை குத்துபவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும்; ஒரே கோணம், ஒரே ஆழம் வேண்டும். பிறகே மழுங்கிய ஊசி. ஒவ்வொரு முறையும் பழைய பொருக்கைத் துளியும் விடாமல் எடுக்க வேண்டும்; மிச்சமிருந்தால் ஊசியோடு கிருமியும் ரத்தத்துக்குள் போகும்.

செவிலியர்கள் ஷிஃப்ட் மாறும் பெரம்பலூர், அரியலூர் டயாலிசிஸ் மையங்களில் இதை எல்லோர் மீதும் திணிப்பது அநியாயம். குத்தும் இடத்தை வரிசையாக மாற்றுவதே முதல் வழி. 2019 அமெரிக்க வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

வலிக்கு மரப்புக் களிம்பு இருக்கிறதே! ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறுமுன் தடவிக்கொண்டால், அரியலூரில் ஊசி ஏறும்போது தோல் மரத்திருக்கும்.