யவனத் தேறலும் தேரிக்காட்டுக் கள்ளும்

கொற்கை முத்துக்குரிய பாண்டியன் நன்மாறனை, யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி வாழ்கவென நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் (56) உண்டு. அந்த யவன மோகம் நமக்கு இன்னும் தீரவில்லை. 1385 முதல் மதுத்தொழிலில் இருக்கும் டஸ்கனியின் அந்தினோரி குடும்பத்தை வியக்கிறோம். கியாந்தி ஒயினுக்கு 1716இலேயே நில எல்லை வகுத்ததை மெச்சுகிறோம். இயற்கை வேளாண்மைச் சிவப்பு ஒயின் என்றால் கூடுதல் விலையும் தருகிறோம்.

உரமும் பூச்சிமருந்தும் வேண்டாத தூத்துக்குடித் தேரிக்காட்டுப் பனையின் கள்ளோ 1987 முதல் குற்றம். ஆலைச் சாராயத்தை 2003 முதல் அரசே கடைவிரித்து விற்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு. அதே பாளையில் கள் இறக்கினால் பனையேறி மீது வழக்கு.

குடி கேடென்றால் அரசுக் கடைகளையும் மூடுக. இல்லையேல் பனையேறியை விடுக. மண்ணின் மணத்தை இத்தாலியப் புட்டியில் தேடும் நாம் நம் கலயத்தைக் கண்டு முகம் சுளிப்பது ரசனையன்று, அடிமைப் புத்தி.